துக்க வீட்டில் சொல்லக் கூடாதது

புனேயில் எங்கள் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற சிஞ்ச்வட் அக்காவின் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. சொந்தமெல்லாம் வேலூர்ப் பக்கம். காரியம் முடிந்ததும் ரயிலேறிவிட்டார்கள். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அக்கா மட்டும். இனி இந்தக் கதவை யார் தட்டப் போகிறார்கள் என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது.

பூஜைக் கூட்டத்துப் பெண்கள் சேர்ந்து துக்கம் விசாரிக்கப் போனோம். போலீஸ் விசாரணைதான் நடந்தது.

"முன்னாடியே நெஞ்சு வலின்னு சொன்னாரா?"

"சொன்னாரு. வாயுன்னு நெனச்சி ஓமத்தண்ணி குடுத்தேன்."

"அப்பவே ஆட்டோ புடிச்சிருந்தா இன்னிக்கி இருந்திருப்பாரு. ஓமத்தண்ணியாமே."

இப்படிச் சொன்னவள்தான் பூஜையில் எங்களுக்குப் போற்றி சொல்லித் தருகிறவள். அக்காவின் முகம் சுருங்கிப் போனது. தாயே, இந்த வாயா உன் பேரையும் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா சோளமாவு ரொட்டியான பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் கொண்டுவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாக்ரியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். அக்காவும் சாப்பிட்டாள். அவர்கள் பாஷையில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். அந்தம்மா, அக்காவிடம் கற்ற தமிழிலேயே, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக் கைகூப்பினார்.

சாவு வீட்டில் நாம் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போக வேண்டும்.

"அடுத்த சாவுக்கு வரப் போறாளா இவ?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அக்கா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உத்யா பண் யே. நாளைக்கும் வா," என்றாள்.

நாங்கள் முறைப்படி வாய் திறக்காமல் வெளியே வந்தோம். படியிறங்கும்போதே போற்றிக்காரி ஆரம்பித்துவிட்டாள்.

"ஃப்ளாட்ட வித்துருவா போல. எங்க மச்சினர் இந்த சொசைட்டிலதான் தேடினு இருக்காரு. கேட்டுட்டே வந்திருக்கலாம்."

"ஈரமாவது காயட்டும்டி," என்றாள் இன்னொருத்தி. அதற்கும் ஒரு சிரிப்பு.

எச்சில் இலையை மிதித்தது போல உடம்பெல்லாம் கூசியது. இவர்களோடு உட்கார்ந்தா இத்தனை வெள்ளிக்கிழமை குங்குமம் போட்டேன்? மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பி ஏறினேன். அம்மன் இந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்வாள்.

அக்கா கதவைச் சாத்தாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னாத்த மறந்துட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. போயிட்டு வரேன்."

சொல்லும்போது நாக்கு தடுமாறியது. சாஸ்திரம் பார்க்கிறவள் நான். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரச்சொல்ல ஒரு பால் பாக்கெட் வாங்கினு வா. வூட்ல துளி பால் இல்ல."