பல லட்சம் பேரை உள்ளே ஏத்தின ஞாயித்துக்கிழமை

எங்க தொழில்ல எல்லாம் ஒழுங்கா ஓடற வரைக்கும் நம்மள யாருக்கும் தெரியாது. நின்னா மட்டும் ஊரே பேர் சொல்லிக் கூப்பிடும். சர்வர் ரூம் குளிர்ல சால்வை போத்திக்கிட்டு, கதவைத் திறந்தா அரியலூர் வெயில்ல வேர்த்துக் கொட்டற என் இனத்து மக்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்ல.

அறுபத்தெட்டாவது சதவீதம்

நான் வேலை பாக்கற சிமெண்ட் ஆலையோட பேர் வேண்டாம். அங்க டைரக்டரி சர்வர்னு ஒண்ணு உண்டு. யாரு என்னன்னு பேர், விலாசம், பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி வெச்ச பெரிய பதிவேடுன்னு நெனச்சுக்குங்க. கேட்ல ஒருத்தர் கார்டைக் காட்டினா, ‘இவர் நம்ம ஆள்தானா’ன்னு கேட் அதுகிட்டதான் கேக்கும். தொழிலாளிங்க, லாரி டிரைவருங்க, எங்க ஆப்ல பதிவு பண்ணின ஊர் ஊர் கொத்தனாருங்கன்னு பல லட்சம் பேர் அதுல இருக்காங்க. பழைய மெஷினுக்கு வயசாயிடுச்சுன்னு புதுசு வந்துச்சு. அத்தனை பேரையும் ஒரே ஃபைலா எடுத்துப் புதுசுல ஏத்தறது என் பொறுப்பு.

வியாழக்கிழமை ஏத்தினேன். அறுபத்தெட்டு சதவீதம் வரைக்கும் ஜம்முனு போச்சு. அப்புறம் ஆளையே காணோம். ஒரு எர்ரர் இல்ல, ஒரு எச்சரிக்கை இல்ல. மெஷின் தான் பண்ணினதை எல்லாம் எழுதி வெக்கற லாக்ல தேடிப் பாத்தா, மெமரி தீர்ந்துபோய் மெஷினே அந்த வேலையைக் கொன்னு போட்டிருக்கு. மறுபடி ஏத்தினேன், மறுபடி அதே அறுபத்தெட்டு. சென்னைல இருக்கற எங்க மேலாளர் ராகவன் சார் போன் போட்டார். ஞாயிறு சாயந்திரத்துக்குள்ள ஏறலைன்னா சர்வரையே சென்னைக்கு மாத்திடுவாங்களாம். சர்வர் போனா என் வேலை என்ன ஆகும்னு அவர் சொல்லல, நானும் கேக்கல. ஆனா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னார், அது இன்னும் காதுல இருக்கு: “பெரம்பலூர்லேருந்து தினம் பஸ் புடிச்சு அரியலூர் போயி ஏம்மா தமிழ் இவ்வளவு கஷ்டப்படறே, சென்னைல கெட்டிக்காரப் பசங்க இருக்காங்கல்ல?”

கண்டக்டருக்கு எடம்

கோவம் வந்தா எனக்கு மூளை வேலை செய்யாதுங்க, கைதான் வேலை செய்யும். ‘மெமரி பத்தலையா, இந்தா வெச்சுக்கோ’ன்னு மெஷின்ல இருந்த மெமரி மொத்தத்தையும் கேஷுக்கு எழுதி வெச்சேன். அடிக்கடி தேவைப்படறதைக் கைக்கெட்டற தூரத்துல வெச்சுக்கற எடம் அது. சனிக்கிழமை காலைல வீட்டுலேருந்தே ஏத்திவிட்டுட்டு பஸ் ஏறினேன். முகூர்த்த நாள், செம கூட்டம். ஒத்தக் கையால கம்பியைப் புடிச்சுக்கிட்டு செல்போன்ல பாத்துக்கிட்டே வரேன். நாப்பத்தொண்ணுலயே செத்துப்போச்சு! அடக் கடவுளேன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

தினம் அந்த பஸ்ல வர்றவ நான், கண்டக்டருக்கு என்னைத் தெரியும். யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையாக்கான்னு பதறிட்டார். சர்வருக்குத்தான்னு சொல்லி, இருந்த எடம் எல்லாத்தையும் குடுத்தும் சாவுதுன்னு பொலம்பினேன். மனுசன் ரெண்டு பேர் நடுவுல நசுங்கி நின்னுக்கிட்டு, டிக்கெட் கிழிச்சபடியே கேட்டார்: “ஃபுட்போர்டு வரைக்கும் ஏத்திட்டீங்க சரி, கண்டக்டர் நிக்க எடம் விட்டீங்களாக்கா?”

மீன்சுருட்டி பஸ் ஸ்டாப்ல எறங்கி

விடலதான். ஏத்தற வேலைக்கும் மெஷினுக்கும் தனியா எடம் வேணும்ங்கறதை மறந்திருக்கேன். பத்து வருச அனுபவம்னு சொல்லிக்கறதுக்கே வெக்கமாப் போச்சு. ஆபீஸ் போனதும் கேஷைப் பாதிக்கும் கீழ கொறச்சேன். அப்பவும் அறுபத்தெட்டு. சரி, ஃபைலைத் துண்டு துண்டா வெட்டித் தனித்தனியா ஏத்திப் பாத்தேன். கொத்தனாருங்க அத்தனை லட்சமும் சாதுவா ஏறிட்டாங்க. மெமரியை முழுங்கினது எங்க அரியலூர் ஆலையோட துண்டுதான்! அதைத் திறந்தா விலாசம் இப்படி இருக்கு: ‘மீன்சுருட்டி பஸ் ஸ்டாப்ல எறங்கி, உரக்கடைக்கு எதிர்ச் சந்துல போயி, தண்ணி டேங்க் தாண்டினா பச்சை கேட்டு, இல்லைன்னா மாமனார் வூட்ல கேக்கவும்.’ ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்குமே இந்த நீளம்.

எழுதினவர் கேட் ஆபீஸ் குமரேசன் அண்ணன். ஆனா குத்தம் என்னுதுங்க. விலாசத்துல எந்தத் துண்டைப் போட்டாலும் ஆள் கெடைக்கணும்னு அவர் கேட்டப்ப, சரிண்ணேன்னு புது மெஷின்ல தேடற வசதி போட்டுக் குடுத்தது நான்தான். அந்த வசதி என்ன பண்ணும்? ஒவ்வொரு விலாசத்தையும் மூணு மூணு எழுத்தா நறுக்கி, எந்தத் துண்டு யார் யார்கிட்ட இருக்குன்னு தனித்தனிப் பட்டியல் போடும். இவ்வளவு நீள விலாசத்துக்குப் பட்டியல் போட்டே மெமரி காலி. ராகவன் சார்கிட்ட சொன்னா, விலாசத்தை ஒரு வரியா வெட்டிடுன்னார். நான் குமரேசன் அண்ணன்கிட்ட போயி அதைச் சொன்னேன். அவர் கோவப்படல. போன வருசம் ஆலையோட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல ஒருத்தருக்கு அடிபட்டப்ப இந்த விலாசத்தை வெச்சுத்தான் அரைமணி நேரத்துல அவர் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாங்களாம். அவர் கண் முழிச்சப்ப அந்தம்மா பக்கத்துல இருந்தாங்களாம். அப்புறம் அண்ணன் மெதுவாக் கேட்டார்: “வூட்டுக்குச் சேதி சொல்ல ஓடறவனுக்கு டோர் நம்பர் எந்த வழியக் காட்டும் மேடம்?”

சென்னைலேருந்து பஸ்

ஒரு எழுத்தைக்கூட வெட்டமாட்டேன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். வேலை போனாலும் போகட்டும்னு வீறாப்பா நெனச்சேன். விலாசம் அப்படியே இருக்கட்டும், நறுக்கற வசதியை மட்டும் எடுத்துட்டேன். ஊர் பேர் ஏற்கெனவே தனிக் கட்டத்துல இருந்துச்சு. தேடலை அதுக்கு மாத்தினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏத்த ஆரம்பிச்சேன். அறுபத்தேழு வந்ததும் எந்திரிச்சு நின்னுட்டேன். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது! கூட யாரும் இல்ல, இருந்தும் கை தட்டினேன். மூணரைக்கு முடிஞ்சுது. எண்ணிப் பாத்தேன், ஒரு ஆள் கொறையல. மெமரி பாதியைத் தாண்டவே இல்ல. திமிருன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க, அன்னிக்கு என்னைவிடக் கெட்டிக்காரி தமிழ்நாட்டுல இல்லைன்னுதான் நெனச்சேன். லாக் மொத்தத்தையும் ராகவன் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிசத்துல அவர் போன் வந்துச்சு: “நம்ம பசங்க ரெண்டு பேரை உன்கிட்ட கத்துக்க அனுப்பணும்மா, சென்னைலேருந்து அரியலூருக்கு நேர் பஸ் இருக்கா?”

முதல் ஷிஃப்ட்

திங்கக்கிழமை முதல் பஸ்ஸைப் புடிச்சு, ஆறு மணி ஷிஃப்டுக்கு முன்னாடியே கேட்ல போயி நின்னேன். சாப்பாட்டுத் தூக்கோட வரிசையா வராங்க, கார்டைக் காட்டறாங்க, புது மெஷினைக் கேட்டு கேட் திறக்குது, போறாங்க. குமரேசன் அண்ணன் மட்டும் மீன்சுருட்டின்னு போட்டுத் தேடி, ஒவ்வொரு விலாசமாப் படிச்சு, பச்சை கேட்டு வரைக்கும் சரி பாத்துட்டு என்னைப் பாத்துத் தலையாட்டினார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த நேரம் பாத்து ஒரு பெரியவர் கார்டைக் காட்டிட்டு நின்னு, என்னைப் பாத்துக் கேட்டார்: “மெஷினை மாத்தப்போறோம்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, எப்பத்தாம்மா மாத்துவீங்க?”

பொன்னாடை போத்தியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு பெருமையா இருந்திருக்காதுன்னு சொன்னா, நம்ம தொழில்ல இல்லாதவங்க யாரு நம்பப்போறாங்க?