வீட்டில் மட்டும் வந்த கணக்கு

என் மகளுக்குக் கணக்கு வராததற்குத் தமிழ்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் என் நாத்தனார். கோலாலம்பூரில் பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் வீடு, பெரிய ஆபீசில் வேலை. அக்கா சொன்னால் என் கணவருக்கு அது வேதவாக்கு. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்தவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

“தமிழ்ப்பள்ளியில நாப்பத்தேழுன்னு சொல்லித் தர்றாங்க. டியூஷன்ல ஃபோர்ட்டி செவன். நாளைக்குப் பெரிய பள்ளியில ஃபார்ம் ஒன் போனா மலாயில எம்பாட் பூலோ துஜோ. புள்ள கொழம்பாம என்ன செய்யும் தம்பி? பேசாம மலாய்ப் பள்ளிக்கு மாத்திடு லா.”

“நாங்கல்லாம் தமிழ்ப்பள்ளியிலதான் படிச்சோம் அண்ணி. யாருக்கும் மூளை கொழம்பல,” என்றேன்.

என் பேச்சு எடுபடவில்லை. இரண்டாம் ஆண்டு முடிந்தும் பத்துக்கு மேல் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று என் கணவர் தவித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். யார் என்ன வைத்தியம் சொன்னாலும் கேட்கும் நிலையில் இருந்தார். புதுத் தவணையில் அவளை மலாய்ப் பள்ளியில் சேர்த்தோம். பக்கத்து இருக்கைத் தோழியைப் பிரிந்த துக்கத்தில் ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மொழியை மாற்றினால் கணக்கு வரும் என்ற இந்த மகா கண்டுபிடிப்பை எங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளி அவர்கள் முடிவு, வீடு என் முடிவு. தினமும் மாலை தேநீருக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவளை எனக்கு எதிரே உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். பச்சைப் பட்டாணியைக் கிண்ணங்களில் பிரித்து வைத்தேன். பாம்புக் கட்டம் வாங்கி வந்து ஆடினோம். பகடையில் ஐந்து விழுந்தால் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டு எண்ணுவாள். அடுத்த முறையும் அதே ஐந்து விழுந்தால், முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போல மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள். எனக்குப் பொறுமை குறைவு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு மெல்ல மெல்ல விடை சரியாக வர ஆரம்பித்தது. “எட்டும் ஆறும் எத்தன?” என்று கேட்டால், “பன்னெண்டு... பதிமூணு... பதினாலு,” என்று நிறுத்துவாள். அந்த இழுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. மனசுக்குள் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். கணக்கு வந்துவிட்டது என்று கேசரி கிண்டினேன். என் கணவர் உடனே அக்காவுக்குப் போன் போட்டு, “நீ சொன்னது சரிதான்க்கா,” என்றார். அந்தச் சந்தோஷத்தில் அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

அரையாண்டில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியர் ஒரு மலாய்க்காரப் பெண், தன்மையானவர். மகளின் கணக்குத் தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். பாதி இடம் வெறுமையாக இருந்தது. எழுதியிருந்ததும் வாய்க்கு வந்த எண்கள்.

“படிக்கிறா, எழுதுறா, நல்லாப் பேசுறா புவான். எண்கள் மட்டும் அவளுக்கு ஒட்டவே மாட்டேங்குது,” என்று புவான் போட்டு மரியாதையாக மலாயில் சொன்னார். ஆஸ்பத்திரியில் சோதித்துக் கடிதம் வாங்கி வந்தால் சிறிய வகுப்பில் தனி ஆசிரியரிடம் போடலாம், இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் அவள் காணாமல் போய்விடுவாள் என்றும் சொன்னார். அந்த வகுப்பில் பதிவு செய்ய ஊனமுற்றோருக்கான ஓகேயூ கார்டும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

காரில் ஏறியதும் என் கணவர் வெடித்தார். “வீட்டுல டாண் டாண்ணு சொல்றா. பள்ளியில வெறும் சோம்பேறித்தனம். இதுக்கு ஓகேயூ கார்டா? பொம்பளப் புள்ள. நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?”

எனக்கும் வீட்டில் வருகிற கணக்கு பள்ளிக்கூட வாசலில் எங்கே தொலைந்து போகிறது என்று புரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் எதுவும் கேட்காதது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. அவளுக்கும் தொற்றிவிடப் போகிறதே என்று வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன்.

“ஏழும் அஞ்சும் எத்தன, கண்ணு?”

“ஒம்பது,” என்றாள். “பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினாலு. பதினஞ்சு.” நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள். கண்கள் என்னையே பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு அழ ஆரம்பித்து, “அம்மா, மாஸ்க்க கழட்டுங்க,” என்றாள்.

மாஸ்க்கைக் கழற்றும்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை மாதமும் குச்சியையோ பட்டாணியையோ அவள் பார்க்கவே இல்லை. எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். சரியான விடைக்கு என்னையறியாமல் என் உதடு எந்த இடத்தில் சிரிப்பில் விரிகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். கணக்குத் தெரியாத பிள்ளை தன்னந்தனியாக இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அவள் சோம்பேறி இல்லை. அன்றைக்கு அழுத மாதிரி நான் என் அப்பா செத்தபோதுகூட அழுததில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “சரி, ஆஸ்பத்திரிக்கே போவோம். அங்க சரியா சொல்லிட்டா எல்லாரும் வாய மூடிக்கணும்,” என்றார்.

பல மாதம் காத்திருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. சோதிக்கிற அறையில் தனியாக இருக்க மாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததால், எங்களை மூலையில் இரண்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். சோதித்தவர் நம் தமிழ்ப் பெண்தான், இளவயது. முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்.

“பாப்பா, ஒம்பது பெருசா, பதினாலு பெருசா?”

மகள் அந்தப் பெண்ணின் கண்களைக் கொஞ்ச நேரம் தேடினாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் கணவர் முழங்கையால் என்னை இடித்தார். “அவளப் பாத்து லேசா சிரி. பயப்படுறா பாரு,” என்றார் மெதுவாக. அப்போதுதான் தெரிந்தது, நான் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார் என்று.

சரியான எண்ணுக்கு நான் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும். அவள் தப்பித்துவிடுவாள். கார்டு வேண்டாம், கடிதம் வேண்டாம், நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவளும் அதே வகுப்பில் உட்கார்ந்து, வெற்றுத் தாளைக் கொடுத்து, எல்லாரிடமும் சோம்பேறி என்ற பெயரை வாங்கிக்கொண்டே வளர்வாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

“அம்மா,” என்றாள். “அம்மா, இங்க பாருங்க.” கணவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒம்பது,” என்றாள்.

பேனா எதையோ எழுதும் சத்தம் கேட்டது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் அவள் கேட்டாள்: “அம்மா, என் மேல கோவமா?”