குரங்கு ஆட்டிய கண்ணாடி

இசக்கி அண்ணாச்சி போய்விட்டார்.

ஐந்தருவி ரோட்டில் கார் கண்ணாடி, லைட், கதவு வேலையெல்லாம் பார்ப்பாரே... அவர்தான். நெஞ்சுவலியாம்.

இன்று காலை அந்த வழியாகக் காரில் வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் வாடகை சேர்கள். போஸ்டரில் தலையைப் படிய வாரிய யாரோ ஒருவர்... பெயரைப் படித்த பிறகுதான் அவர் என்று புரிந்தது. அவர் தலை வாரி நான் பார்த்ததே இல்லை.

நிறுத்தவில்லை. பின் சீட்டில் பாப்பா தூங்குகிறாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மதியம் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பப் போனேன். சேரை அடுக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார், "இப்பத்தாம்மா எடுத்தாக. அரை மணி நேரம் இருக்கும்."

குற்றாலத்துக்குக் காரில் வந்தவர்களுக்குத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனால் குரங்கு சைடு மிரரைப் பிடித்துத் தொங்கும். தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டும், ஆட்டும், பிடுங்கும்... சீசனில் அண்ணாச்சிக்குப் பாதி வேலை அதுதான்.

கடைக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "குரங்கா, நீங்களா?"

ஒருமுறை நான் ஹெட்லைட் பல்பு மாற்ற நின்றபோது சென்னை வண்டி ஒன்று வந்தது. "குரங்குதாங்க, சத்தியமா" என்றார் ஓட்டி வந்தவர். அண்ணாச்சி மிரரைத் தடவிப் பார்த்தார். "எங்க ஊருக் குரங்கு செவப்புப் பெயின்ட்டப் பூசிக்கிட்டு அலையாதே சார்!"

உள்ளே இருந்த அவர் மனைவி சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

போன வருடம் சாரல் நேரத்தில் நானும் அப்படிப் போய் நின்றேன். என் பக்கத்து மிரர் அடியோடு ஆடியது. கதவைச் சாத்தினாலே தலையாட்டும்.

"குரங்கா, நீங்களா?"

"குரங்கு அண்ணாச்சி."

வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். மாமியாரிடமும், சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் மச்சானிடமும். மச்சான் என்றால் என் கணவர்.

நடந்தது வேறு.

அன்று காலை பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காரை ரிவர்ஸ் எடுத்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பின்னால் "பீப்... பீப்..." நடந்தால் சத்தம் வருமே, அந்த ஷூ.

ஸ்டியரிங்கை ஒடித்து பிரேக்கை மிதித்தேன். மிரர் கேட் தூணில் அடித்தது. இறங்கி ஓடிப் பார்த்தால்... பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண். சிரித்துக்கொண்டு நின்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவுக்கு மூச்சிளைப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மச்சானிடம் கெஞ்சி வாங்கிய வண்டி. தெரிந்தால் சாவி போய்விடும். அதைவிட... அவளை என்னிடம் விடவே எல்லாரும் பயப்படுவார்கள். எனக்கே பயமாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி கதவின் உள்பக்கம் இருந்த முக்கோண மூடியைக் கழற்றினார். மூன்று நட்டில் ஒன்றைக் காணோம், இரண்டு லூஸ். வாஷர் வைத்து, புது நட் போட்டு இறுக்கினார். வெளிப்பக்கத்தைத் துடைக்கப் போனவர் கொஞ்சம் நின்றார். எங்கள் கேட் தூணின் பச்சைப் பெயின்ட் அதில் நீளமாக ஒட்டியிருந்தது.

நான் பாப்பாவை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அவள் திமிறிக் காரை உதைத்ததில் ஷூ "பீப்" என்றது... என் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் பார்த்துவிட்டார்.

"வண்டி ஆஃப்லதானம்மா நிக்கி. பிள்ளைய இறக்கி விடுங்க."

துணியைத் தின்னரில் நனைத்து அந்தப் பச்சையை முழுக்கத் துடைத்து எடுத்தார்.

வேலை முடிந்ததும் ஓட்டுகிறவரை சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு "தெரியுதேனா?" என்று கேட்பது அவர் வழக்கம். எல்லாருக்கும் நின்றுதான் கேட்பார்.

அன்று குத்தவைத்து உட்கார்ந்தார். பாப்பா உயரத்துக்கு.

"தெரியுதேனாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

எழுந்து வந்து கண்ணாடியைக் கீழே சாய்த்தார். திரும்பப் போய்க் குத்தவைத்தார். இப்படி மூன்று தடவை... நான் உள்ளே அழுதுகொண்டிருந்தேன்.

"வண்டியோட ஒட்டி நின்னா எந்தக் கண்ணாடியும் காட்டாதும்மா. இறங்கி ஒரு தடவ பாத்துட்டு எடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே.

அந்த நேரம் பார்த்து மச்சானின் வீடியோ கால். "அவருட்ட குடு" என்றார்.

"அண்ணாச்சி, நெசமாவே குரங்குதானா? இவ எங்கயும் இடிச்சிட்டாளா?"

"குரங்குதான் தம்பி. நல்ல தடிக் குரங்கு. நட்டையே கழத்திட்டுல்லா போயிருக்கு!"

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை முழங்காலுக்கு மேலே வைத்துக் காட்டுவார். குட்டி எப்படி இருக்கா என்று அர்த்தம். மாதம் போகப் போக அந்தக் கையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. போன வாரம் பார்த்தபோது இடுப்புக்கு வந்திருந்தது.

இன்று சாயங்காலம் மச்சானுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாப்பா எங்க?"

"தூங்குதா."

"சரி... நாளைக்குப் பேசுதேன்."

மாமியாருக்கு முகநூல் கிடையாது. யாராவது இந்தப் பதிவைக் காட்டுவார்கள். காட்டட்டும். சாவி இப்போதைக்கு ஆணியில்தான் தொங்குகிறது.

குரங்கு இல்ல அண்ணாச்சி. நான்தான்.

போயிட்டு வாங்க.