கறுப்பி நக்கிய மருந்து

மார்க்கையன்கோட்டையில் எங்களுக்கு இரண்டு மாடுகளும் வெள்ளச்சி, கறுப்பி என்று இரண்டு பூனைகளும் உண்டு. சென்ற மாதம் வெள்ளச்சியின் பிடரியை நாய் கடித்துவிட்டது.

"மாட்டுப் புண்ணுக்கே கேக்குது, பூனைக்குக் கேக்காதா? எங்கப்பாவும் இதத்தான் வைப்பாக" என்றார் கணவர். பாச்சை உருண்டையைப் பொடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து நானே தடவினேன். வெள்ளச்சியின் நாக்கு அங்கே எட்டாது என்று நிம்மதியாக இருந்தேன்.

கறுப்பி பக்கத்திலேயே படுத்து, நாள் முழுக்க அந்தப் புண்ணை நக்கிக்கொடுத்தது. "கூடப்பிறந்த பாசத்தப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டி, போனில் படமும் எடுத்தேன்.

மறுநாள் காலை வெள்ளச்சி எழுந்து பால் குடித்தது. கறுப்பி எழவில்லை. ஈறு வெளுத்து, வாயில் நுரை தள்ளி, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. இரண்டையும் தூக்கிக்கொண்டு சின்னமனூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் வெள்ளச்சியின் புண்ணை முகர்ந்தார். "என்னத்தம்மா தடவுனீக? பூனைக்கு இது விஷம்ல!" என்றபடி அதைக் கழுவிவிட்டார். மூன்று நாள் சிகிச்சைக்குப் பிறகே கறுப்பி கண் திறந்து பார்த்தது.

இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவுவதில்லை. ஒன்றுக்கு அடிபட்டால் மற்றதை வேறு அறையில் அடைத்துவிடுகிறேன். போனில் அந்தப் படத்தை மட்டும் அழிக்கவில்லை. கறுப்பி விஷம் தின்றுகொண்டிருந்தபோது, நான் சிரித்துக்கொண்டே எடுத்த படம் அது.