தூணு தேக்கா வேங்கையா

அண்ணனுக்குத் தேவாரத்துல பொண்ணு பேசியிருந்துச்சு. வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பூ வச்சிரணும். தாய்மாமன் தட்ட நீட்டாம எங்க சனத்துல பூ வைக்கிறதில்ல. அந்த மாமாவோ போடிமெட்டுச் சரிவுல ஏலத்தோட்டத்துக் கங்காணி. அம்மாவும் அக்காவும் பூவோட பஸ்சுல முன்னாடி போயிட்டாக. நானும் அண்ணனும் விடியவும் வாடக ஜீப்புல மலையேறி மாமாவ அள்ளிப் போட்டோம். அங்க புடிச்சது சனி. பழைய கட்டடத்தக் கண்டா மாமாவுக்குக் கால் நகராது.

முதல் வளைவுல ஒரு வெள்ளக்காரத் தொர பங்களா. "நிப்பாட்டுப்பா! அந்தப் புகைபோக்கியப் பாரு மாப்ளே, கடுக்காத் தண்ணி ஊத்தி அரச்ச சுண்ணாம்பு!"

"அரச்சது சட்னியா மாமா, தொட்டுத் திங்க? ஏறுங்க."

போடியில ரயிலு டேசனக் கண்டு எறங்கி, மாட்டுக்கு முதுகு தடவுற மாதிரி கல்லத் தடவுனாரு. எட்டாப்புலயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, விட்டுப்போன பாடத்தையெல்லாம் அன்னைக்கே நடத்திட்டாரு மனுசன்.

ராசிங்காபுரத்துல ஒரு பழைய காரை வீடு. யாரு வீடுன்னே தெரியாது, விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு. வீட்டுக்காரம்மா, "யாருய்யா வேணும்?"ங்குது. இவரு அண்ணாந்துக்கிட்டே, "உத்தரம் பாக்கணும் தாயி"ங்குறாரு. அண்ணன் அழுகாத கொறதான்.

ஒருவழியா பொண்ணு வீடு. பத்தரைக்குக் கொஞ்ச நேரந்தான் கெடந்துச்சு. அக்கா பூவோட தயாரா நிக்கிது. பொண்ணோட அப்பா பெருமையா, "இந்தத் தூணெல்லாம் எங்க தாத்தா பர்மாவுல இருந்து கொண்டாந்த தேக்கு"ன்னாரு.

மாமா ஒரு தட்டு தட்டுனாரு. "இது வேங்கைங்க."

"தேக்குய்யா."

"வேங்கை. நம்ம மலை மரம்."

பொண்ணோட அப்பா மொகம் செவந்துபோச்சு. கையக் கட்டிக்கிட்டாரு. "மொதல்ல தேக்குன்னு சொல்லச் சொல்லுங்க, பெறகு தட்டு வாங்குறேன்."

"பொய் எப்படிங்க சொல்றது?"

காலைல இருந்து வாயத் தெறக்காத அண்ணன் கத்துச்சு: "மாமா! நீங்க தூணையா கட்டப் போறீக? நான் பொண்ணக் கட்டணும். தேக்குன்னு சொல்லித் தொலைங்க!"

மாமா அண்ணன் மொகத்தப் பாத்தாரு. "சரி... தேக்கு"ன்னு தரையப் பாத்துச் சொல்லிட்டுத் தட்ட நீட்டுனாரு. பொண்ணோட அப்பா வெரசா வாங்குனாரு. அக்கா பாஞ்சு போயி பொண்ணு தலையில பூவ வச்சிருச்சு.

பந்தியில மாமாவக் காணோம். தேடிப் போனா ஜீப்புல உர்ருன்னு உக்காந்திருக்காரு.

"வாங்க மாமா, வடை ஆறுது."

"போடா. பொய் சொன்ன வாயில எறங்காது."

கெஞ்சிப் பாத்தேன், அசையல. சரின்னு திரும்ப வந்து அவரு எலயிலயும் நானே உக்காந்துட்டேன்.