துளசிராமன் தார் பூசிய கதவுகள்

கார் கதவின் சத்தத்தை அடக்குவதில் துளசிராமனை மிஞ்ச, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், எவனிடமும் கைகட்டித் தொழில் பழகாதவன். கோணியைக் கொதிக்கும் தாரில் முக்கி, கதவுத் தகட்டின் உள்பக்கம் அறைந்து ஒட்டுவான். கடகடவென்று அதிர்ந்த கதவு, அப்புறம் 'தொப்'பென்று அடங்கும்.

அறுபத்திரண்டில் சுரங்கத்தில் பாறை வெடித்து அண்ணன் நசுங்கியபோது பக்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடித்திருந்தவன் இவன். அன்றிலிருந்து, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் கால் வைக்கவே பயந்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சி கம்பெனி கராஜில் தற்காலிக வேலை வாங்கினான்.

"மேனேஜர் தொரை காரை ஒழுங்கா முடி, நெரந்தரம் பண்றேன். இல்லாட்டி பழையபடி கீழதான்" என்றார் கராஜ் மேஸ்திரி கோவிந்தன். "சத்தம் மட்டுமில்லடா, தூசியும் வரக்கூடாதாம்."

"இன்னாண்ணே, என் கை மேலயே சந்தேகமா? எறும்பு நுழையாது பாருங்க."

காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த பின் கொட்டிய சைனைட் மண்மேட்டுத் தூசி சோற்றிலேயே விழும். தொழிலாளர் லைன் வீடுகளில் இடுக்கு என்று எதைக் கண்டாலும் கந்தலைத் திணித்து அடைப்பார்கள். அவன் மனைவி சகுந்தலாவும் அப்படித்தான். அதே கைப்பழக்கத்தில், கதவின் அடியில் இருந்த சிறு ஓட்டைகளையும் துளசிராமன் தாரால் அடைத்தான்.

துரை கதவைச் சாத்திப் பார்த்துச் சிரித்தார். துளசிராமனின் நடையே மாறிவிட்டது. "இனிமே கீழ போற பேச்சே இல்லம்மே" என்றான் சகுந்தலாவிடம்.

மழைக்காலம் வந்து மாதக்கணக்கில் நீடித்தது. கண்ணாடி இடுக்கில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கதவுக்குள்ளேயே தேங்கியது. மழை விட்ட ஒரு நாள், கிளப் வாசலில் மற்ற அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, துரை கதவைத் திறந்தார். உள்ளே குடம் அலம்புவதுபோல் 'களக் களக்' என்றது. கராஜில் கழற்றிப் பார்த்தால் ஊறிய கோணி நாறியது. அடித்தகடு துருவேறிக் கையோடு வந்தது.

"அந்த ஓட்ட தண்ணி போறதுக்குடா, பாவி! காருக்குள்ள கெணறா வெட்டின?" என்று கத்தினார் கோவிந்தன்.

"தூசி வரக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க... ஒரு தபா குடுங்கண்ணே, தகடு மாத்தித் தரேன்."

கோவிந்தன் அவன் பெயரைச் சுரங்க ஷிப்ட் பட்டியலில் எழுதினார்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். சகுந்தலா சோற்றுத் தூக்கை நீட்டினாள். கேஜுக்குள் அவனோடு நெருக்கி நின்ற பழைய கூட்டாளி மரியகுழந்தை, "இன்னா துளசி, மேல காத்து ஒத்துக்கலையா?" என்றான்.

"என்னை மாதிரி கதவு பூச அவனுங்களுக்கு ஆள் கெடைக்கட்டும், பாக்கலாம்."

குரல் மட்டும்தான் நிமிர்ந்திருந்தது. கை மரியகுழந்தையின் சட்டையை இறுகப் பிடித்திருந்தது. மணி அடித்தது, கேஜ் இறங்கியது.