மணி அடித்ததும் நின்ற பாட்டுகள்

எங்கள் மெட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த யூட், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வெளிவராத பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து இணையத்தில் போட்டேன். பாட்டு தடைப்பட்ட இடங்களையெல்லாம் வெட்டி, மூலப் பதிவுகளையும் அழித்துவிட்டேன்.

குருநகரில் அவனுடைய அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இரைச்சல் முழுவதையும் அசையாமல் கேட்டார்.

“தம்பி, பின்னேரம் கோயில் மணி அடிச்சா, ‘நிப்பாட்டுங்கோடா’ எண்டு கத்துவானே. அது எங்கை?”

மணி ஓயும்வரை யாரையும் வாசிக்க விடமாட்டான். நான் வெட்டியவை அந்த இடங்கள்தான். தேடுவதுபோலப் பாட்டுப் பட்டியலை உருட்டினேன்.

“எனக்குத்தான் கேக்கேல்லையாக்கும். இன்னொருக்காப் போடு.”

போட்டேன்.

இணையத்தில் அந்தப் பாட்டுகளின் கீழே, ஒலி சுத்தமாக இருக்கிறதென்று இன்றும் யாராவது எழுதுகிறார்கள். பதில் எழுத அலுப்பாக இருக்கிறது.